பட்டிக் காவல் நாயைக் கட்டித்தான் வைக்க வேண்டுமா?

கேள்வி: வெள்ளகோவில் பக்கம் கொறங்காட்டில் (வேலி அடைத்த மேய்ச்சல் காட்டில்) 45 மேச்சேரி ஆடுகள் வைத்திருக்கிறேன். போன வருடம் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆறு குட்டிகளைக் குதறிவிட்டன. பிறகு இரண்டு நாட்டு நாய்களைக் காவலுக்கு விட்டேன், சேதம் நின்றது. இப்போது இட்டேரியில் (வேலிகளுக்கு நடுவே போகும் வண்டித்தடத்தில்) பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைத் துரத்துகிறது என்று ஊரில் புகார். "உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, எந்நேரமும் சங்கிலியில் கட்டு, இல்லாவிட்டால் பிடித்துப் போய்விடுவார்கள்" என்கிறார்கள். கட்டிவிட்டால் ராத்திரி ஆட்டை யார் காப்பது ஐயா?

பதில்: உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லவில்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று டெல்லி சுற்றுவட்டாரத் தெருநாய்களை எல்லாம் காப்பகத்துக்குக் கொண்டு போகச் சொன்னது. அதே மாதம் 22ஆம் தேதி அதை மாற்றி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் உள்ள நாயும் ஆட்களைத் தாக்கும் நாயும் மட்டும் விதிவிலக்கு என்றது. நவம்பர் 7 அன்று பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்ற உத்தரவிட்டது. இவை எல்லாம் தெருநாய்களைப் பற்றியவை, உரிமையாளர் உள்ள பட்டி நாயைப் பற்றியவை அல்ல. ஆனால் கழுத்தில் பட்டை இல்லாமல் பள்ளிக்கூடப் பக்கம் திரிந்தால், பிடிக்க வருபவருக்கு அது உங்கள் நாய் என்று எப்படித் தெரியும்? பட்டையில் உங்கள் கைபேசி எண்ணை எழுதி இன்றே மாட்டிவிடுங்கள்.

உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் வேறு. பாரதிய நியாய சன்ஹிதா 291ஆம் பிரிவின்படி, தன் வசம் உள்ள விலங்கால் மனித உயிருக்கு ஆபத்தோ, கொடுங்காயமோ வராமல் போதுமான ஏற்பாடு செய்யாதவருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 289ஆம் பிரிவாக இருந்தது இதுதான். இதில் சங்கிலி என்ற பேச்சே இல்லை. "போதுமான ஏற்பாடு" என்றுதான் இருக்கிறது. நல்ல வேலியும் ஏற்பாடுதான். மறுபக்கம், 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவு, நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டி வைப்பதையும், வழக்கமாகக் கட்டியே வைத்திருக்கும் நாயை நடமாட விடாததையும் வதை என்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 50 ரூபாய் வரைதான். ஆனாலும் எந்நேரமும் கட்டு என்று சொல்பவர்களுக்கு இந்தப் பிரிவைக் காட்டலாம்.

எனக்கு உள்ள வருத்தம் என்னவென்றால், இந்தச் சட்டங்களில் மந்தைக் காவல் நாய் என்று ஒரு இனமே கிடையாது. வீட்டு நாய் உண்டு, தெருநாய் உண்டு, அவ்வளவுதான். பிரான்சில் உரிமையாளரின் கண்காணிப்பை விட்டு விலகிப்போன நாயை அலையும் நாய் என்று சட்டம் சொல்லும்போதே, மந்தையைக் காத்துக்கொண்டிருக்கும் நாயை அதிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. கிடை போட்டு ஊர் ஊராகப் போகும் நம் கீதாரிகளுக்கு அப்படி ஒரு வரி மிகவும் தேவை. அவர்களிடம் வேலியும் இல்லை, காடும் இல்லை. கால்நடை விவசாயிகள் சங்கங்கள் தெருநாய் கடித்த ஆடுகளுக்கு இழப்பீடு கேட்கும்போது இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

சரி, உங்கள் காட்டுக்கு வருவோம். பிள்ளைகளைத் துரத்துவதை நீங்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாய்க்கு அது காவல், பிள்ளைக்கு அது பயம், விழுந்து அடிபட்டால் பொறுப்பு உங்களுடையது. கொறங்காட்டுக்குக் கிளுவை முள்செடி வேலி இருக்கும். மேலே அடர்த்தியாகத் தெரிந்தாலும் அடியில் சந்து விட்டிருக்கும். தெருநாய் உள்ளே வருவதும் உங்கள் நாய் இட்டேரிக்குப் போவதும் அந்தச் சந்து வழியாகத்தான். ஒருமுறை குனிந்து சுற்றி வாருங்கள். இட்டேரி ஓரம் முழுக்க இரண்டு மூன்று அடி உயரத்துக்குக் கம்பி வலை கட்டி, அடிப்பாகத்தை மண்ணில் புதையுங்கள். கடவுப் படலுக்கு (காட்டு வாசல் தட்டிக்கு) அடியில் கல் போடுங்கள். காலையிலும் மாலையிலும் பிள்ளைகள் போகும் நேரத்தில் மட்டும் நாய்களைப் பட்டிக்குள் அடையுங்கள், அல்லது நிழலில் நீளக் கயிற்றில் தண்ணீர் வைத்துக் கட்டுங்கள். பொழுது சாய்ந்து ஆடுகளை அடைத்ததும் அவிழ்த்துவிடுங்கள். தெருநாய்க் கூட்டம் ராத்திரியும் விடியற்காலையும்தான் வரும். அந்நேரம் கட்டிக் கிடக்கும் நாய் குரைக்கலாமே தவிர, மறிக்க முடியாது. கூட்டம் திரும்பினால் தப்பிக்கவும் முடியாது. எந்நேரமும் கட்டிக் கிடக்கும் நாய்க்கு மூர்க்கமும் கூடும் என்பதை ஊராரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டுக்கும் கருத்தடை செய்துவிடுங்கள். பெட்டை பருவத்துக்கு வந்தால் சுற்று வட்டாரக் கடுவன் எல்லாம் உங்கள் வேலிக்கு வந்து நிற்கும். கடுவன் என்றால் இரவில் பட்டியை விட்டுவிட்டுப் போய்விடும். கருத்தடை செய்தால் காவல் குறைந்துவிடும் என்று பயப்படாதீர்கள், ஆட்டோடு வளர்ந்த பழக்கத்தில் வருவது அது. வெறிநோய்த் தடுப்பூசி வருடம் தவறாமல் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள். புகார் வரும் நாளில் உங்களுக்குக் கைகொடுப்பது அந்த அட்டைதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு மருந்தும் கொடுங்கள். செத்த ஆட்டின் தலையைப் பச்சையாக நாய்க்குப் போடவே கூடாது. அதிலிருந்து நாய் வயிற்றில் வளரும் நாடாப்புழுவின் முட்டை, புல் வழியாக ஆட்டுக்குப் போய், மூளையில் நீர்க்கட்டியாகி, ஆடு ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றிச் சாகும்.

இன்னொரு நாய் வாங்குவதாக இருந்தால் ஏழெட்டு வாரக் குட்டியாக வாங்கி, அன்று முதலே ஆட்டுக்குட்டிகளோடு விட்டு, சோறும் பட்டியிலேயே வையுங்கள். விளையாட்டுக்குக்கூட ஆட்டைத் துரத்த விடாதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி வேண்டாம், அவை ஓடுவதைத் துரத்தப் பிறந்தவை. உங்கள் பகுதியில் மயில் அதிகம். நாய் மயிலைக் கடித்தால் வனத்துறை வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். கங்கால் போன்ற வெளிநாட்டு மந்தைக் காவல் நாய்கள்மேலும் ஆசைப்பட வேண்டாம். 2024 மார்ச்சில் மத்திய கால்நடைத் துறை 23 இனங்களுக்குத் தடை கேட்டு அனுப்பிய சுற்றறிக்கையில் கங்கால், அக்பாஷ், காக்கேசியன் ஷெப்பர்டு எல்லாம் இருந்தன. கர்நாடக உயர் நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை ரத்து செய்துவிட்டது. இருந்தாலும் நம் வெயிலுக்கு அந்த முடிக்கட்டு நாய்கள் படும் பாடு தனி. நம் நாட்டு நாயே போதும்.

தெருநாய்க்கு விஷம் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். உங்கள் நாயும் அதைத் தின்னும், பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறையும் உண்டு. மறுபடி ஆடு சேதமானால் உடனே புதைத்துவிட வேண்டாம். படம் எடுத்து, கால்நடை மருத்துவரையும் கிராம நிர்வாக அலுவலரையும் வரவழைத்து, சான்று வாங்கிய பிறகு புதையுங்கள். இழப்பீடு கேட்க அந்தச் சான்று வேண்டும்.