கேள்வி பதில்: லினக்ஸில் ஓடுகிறது, ஃப்ரீபிஎஸ்டியில் ஓடவில்லை!

கேள்வி: டிஸ்க்கின் ஜிபிடி ஹெடரை (பார்ட்டிஷன் அட்டவணையின் தலைப்பகுதி) படித்துக் காட்டும் சின்ன டூல் ஒன்றை லினக்ஸில் எழுதினேன், சி மொழிதான். ஃப்ரீபிஎஸ்டியில் (யுனிக்ஸ் வழி வந்த இன்னொரு ஓஎஸ்) கம்பைல் ஆகிறது, ஆனால் நிஜ டிஸ்க்கைக் கொடுத்தாலும் "இது டிஸ்க் இல்லை" என்கிறது. அந்தச் சோதனையைத் தூக்கிவிட்டால் ரீட் "இன்வேலிட் ஆர்க்யுமென்ட்" என்று விழுகிறது. இமேஜ் ஃபைல் (டிஸ்க்கின் நகலை அடக்கிய சாதா ஃபைல்) என்றால் ஒழுங்காக ஓடுகிறது. டிரைவரில் கோளாறா?

பதில்: டிரைவர் பாவம், விட்டுவிடுங்கள். ஃப்ரீபிஎஸ்டியில் பிளாக் டிவைஸ் (கெர்னலின் கேஷ் வழியாகப் படிக்கும் டிவைஸ் ஃபைல்) என்ற வகையே கிடையாது, 2000-இல் வந்த 4.0 பதிப்போடு அதை எடுத்துவிட்டார்கள். டிஸ்க் எல்லாம் அங்கே கேரக்டர் டிவைஸ்தான், அதாவது நடுவே கேஷ் இல்லாத வகை. ஸ்டாட் (ஃபைலின் வகையைச் சொல்லும் சிஸ்டம் கால்) செய்து "நீ பிளாக் டிவைஸா" என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.

ரீட் விழுவதும் அதனால்தான். லினக்ஸில் உங்களுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே பேஜ் கேஷ் (படித்ததைக் கெர்னல் மெமரியில் வைத்துக்கொள்ளும் இடம்) உட்கார்ந்திருக்கிறது, 512-வது பைட்டிலிருந்து 92 பைட் கொடு என்றால் (ஜிபிடி ஹெடர் அவ்வளவுதான், அதை மட்டும் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்) கெர்னல் முழுப் பக்கத்தையும் படித்து வைத்துக்கொண்டு 92-ஐக் கிள்ளிக் கொடுக்கும். ஃப்ரீபிஎஸ்டியில் சில்லறை வியாபாரம் இல்லை, மூட்டையாகத்தான் வாங்க வேண்டும்: தொடங்கும் இடம், நீளம் இரண்டும் செக்டார் (டிஸ்க் ஒரே தடவையில் தரும் மிகச் சிறிய துண்டு) அளவின் மடங்காக இருக்க வேண்டும். இமேஜ் ஃபைல் என்றால் ஃபைல் சிஸ்டம் இந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது, அதனால் தப்பித்தீர்கள்.

முதலில் செக்டார் அளவைக் கேளுங்கள், ஒரு முழு செக்டாரைப் படியுங்கள், அப்புறம் 92 பைட்டை எடுங்கள். 512 என்ற எண்ணைக் கோடில் நேரடியாக எழுதியிருந்தால் அதையும் தூக்குங்கள். ஜிபிடி ஹெடர் இருப்பது இரண்டாவது செக்டாரில், 4096 பைட் செக்டார் டிஸ்க்கில் அது 4096-வது பைட்டில்தான் தொடங்கும். இந்தத் தப்பு லினக்ஸிலும் உங்களைக் கடிக்கும்.

டிஸ்க்கின் மொத்த அளவு தெரிய ஒவ்வொரு ஓஎஸ்ஸிலும் ஒரு ஐஆக்டில் (டிவைஸிடம் விவரம் கேட்கும் சிஸ்டம் கால்). லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும் பைட் கணக்கில் நேராகக் கிடைக்கும், மேக்கில் பிளாக் எண்ணிக்கையையும் பிளாக் அளவையும் தனித்தனியே கேட்டு நீங்களே பெருக்க வேண்டும். லினக்ஸின் பழைய ஐஆக்டில், செக்டார் எந்த அளவாக இருந்தாலும் 512 பைட் கணக்கிலேயே சொல்லும், அந்தப் பக்கம் போகாதீர்கள். இந்த வித்தியாசங்களையெல்லாம் கோடு முழுக்க இஃப்டெஃப் (ஓஎஸ்ஸைப் பார்த்துக் கோடைச் சேர்க்கும், விலக்கும் வரிகள்) தூவிச் சமாளிக்காமல், திறப்பது, அளவு கேட்பது, செக்டார் கேட்பது என்று மூன்று ஃபங்ஷனாக ஒரே ஃபைலில் அடக்குங்கள். கறாரான சிஸ்டத்துக்கு எழுதினால் லினக்ஸ் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும்.

சோதிக்க நிஜ டிஸ்க் எதற்கு? ஃப்ரீபிஎஸ்டியில் எம்டிகான்ஃபிக், லினக்ஸில் லோசெட்டப், இரண்டிலுமே செக்டார் அளவை 4096 என்று கொடுத்துப் போலி டிஸ்க் உருவாக்கலாம்.

கேள்வி: மவுன்ட் ஆன டிஸ்க்கில் ஃப்ரீபிஎஸ்டி எழுத விடுவதில்லை. ஜியாம் (ஃப்ரீபிஎஸ்டியின் டிஸ்க் அடுக்கு) டீபக் ஃப்ளாகை 16 ஆக்கினால் விடுகிறதே, டூலே அதைச் செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. அந்தப் பூட்டு உங்கள் டூலை நம்பாததால்தான் இருக்கிறது. எர்ரரைக் காட்டி நிறுத்துங்கள், அன்மவுன்ட் செய்வதா வேண்டாமா என்பதை டிஸ்க்குக்குச் சொந்தக்காரர் முடிவு செய்யட்டும்.

கேள்வி: மேக்கில் எஃப்சிங்க் (எழுதியதை டிஸ்க்குக்குத் தள்ளும் கால்) போட்டால் டேட்டா பத்திரம்தானே?

பதில்: டிரைவ் வரை போயிருக்கும், டிரைவின் சொந்த கேஷைத் தாண்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. அதற்கு எஃப்கண்ட்ரோலில் ஃபுல்எஃப்சிங்க் என்று தனியாக இருக்கிறது, அதைக் கூப்பிடுங்கள். மெதுவாகத்தான் இருக்கும்.