காட்டு மலைப்பாதைக்கு சைக்கிள்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: விடுமுறை நாட்களில் காட்டுக்குள் இருக்கும் மலைப்பாதைகளில் சைக்கிள் ஓட்டும் நண்பர்களோடு சேர்ந்துகொள்ள ஆசைப்படுகிறேன். என் பட்ஜெட்டுக்குள் இரண்டு சைக்கிள்கள் வருகின்றன. ஒன்றில் முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், 21 கியர். இன்னொன்றில் முன்னால் மட்டும்தான் ஷாக், கியரும் 10தான். விலை ஒன்றே. இரண்டு ஷாக் இருப்பதுதானே நல்லது?

பதில்: விலை ஒன்றே என்றால் முன்னால் மட்டும் ஷாக் உள்ளதையே வாங்குங்கள். இதில் எனக்குத் துளியும் தயக்கமில்லை.

பின்பக்க சஸ்பென்ஷன் ஒழுங்காக வேலை செய்ய நல்ல டேம்பர் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் பாகம்) வேண்டும், ஆட்டம் காணாத பேரிங் மூட்டுகள் வேண்டும், முறுக்கிக்கொள்ளாத ஃபிரேம் வேண்டும். மூன்றுக்கும் காசு அதிகம். ஆரம்ப விலை சைக்கிளில் அந்தக் காசை பிரேக்கிலும் சக்கரத்திலும் டயரிலும் கைவைத்துத்தான் எடுப்பார்கள். அப்படி எடுத்தும் பின்னால் கிடைப்பது பெரும்பாலும் டேம்பர் இல்லாத வெறும் சுருள் ஸ்பிரிங்தான். ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் அது அமுங்கி உங்கள் பலத்தைத் தின்னும். இறக்கத்தில் பின்சக்கரம் ஒரு மரவேரில் ஏறியதும் ஸ்பிரிங் திருப்பி உதைக்க, உங்களைச் சீட்டிலிருந்து தூக்கிப்போடும். சைக்கிளின் எடையும் சில கிலோ கூடிவிடும். பாதை செங்குத்தாகி இறங்கித் தள்ள வேண்டி வரும்போது அந்த எடை என்னவென்று தோள் சொல்லும்.

முன் ஷாக்கிலும் தரம் உண்டு. கடையில் நின்றபடியே பார்த்துவிடலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில்பாரை இரண்டு கையாலும் உடல் எடை விழும்படி அமுக்குங்கள். பிறகு சட்டென்று அழுத்தத்தை எடுங்கள். நல்ல ஃபோர்க் (முன்சக்கரத்தைத் தாங்கும், ஷாக் உள்ள கவை) ஒரே சீராக எழுந்து நிற்கும். 'டங்' என்று துள்ளி எழுந்தால் உள்ளே ஸ்பிரிங் மட்டும்தான் இருக்கிறது. ஃபோர்க்கின் மேல்பகுதியில் காற்றடிக்கும் வால்வும், கீழ்நுனியில் ரீபவுண்டை, அதாவது அமுங்கியபின் திரும்பி எழும் வேகத்தை, கூட்டிக் குறைக்கும் திருகும் இருந்தால் உங்கள் எடைக்கு ஏற்றபடி சரிசெய்துகொள்ளலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு 100 முதல் 130 மில்லிமீட்டர் வரை அமுங்கும் ஃபோர்க் தாராளம்.

21 கியர் என்ற எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். முன்னால் 3, பின்னால் 7 என்று பெருக்கிச் சொன்ன கணக்கு அது. அவற்றில் பல கிட்டத்தட்ட ஒரே பல்விகிதம்தான். இன்றைய மலைப்பாதை சைக்கிள்களில் முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், பின்னால் 10, 11 அல்லது 12. மாற்றுவது எளிது, செயின் கழன்று விழுவதும் குறைவு. 7 கியர் மாடல்களில் இன்னொரு பலவீனமும் இருக்கிறது. அவற்றின் பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடம்) பெரும்பாலும் மரையில் திருகி மாட்டும் பழைய வகைப் பல்சக்கரத் தொகுதியான ஃப்ரீவீல்தான் இருக்கும். அந்த அமைப்பில் அச்சுக் கம்பிக்கு செயின் பக்கம் பிடிமானம் குறைவு. கல்லிலும் வேரிலும் இடிபட்டு அது வளையும், சில சமயம் முறிந்தேவிடும். 'கேசட் ஹப்பா, ஃப்ரீவீலா?' என்று கடைக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள், கேசட் உள்ளதையே எடுங்கள்.

பில் போடும் முன்பு கையேட்டையும் ஃபிரேமின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். பல நிறுவனங்கள், சைக்கிள் எந்தப் பயன்பாட்டுக்கு என்பதை 1 முதல் 5 வரை எண்ணாகக் குறித்திருக்கும். ஏ.எஸ்.டி.எம். என்ற தர அமைப்பின் குறிப்பில் 1 என்றால் தார்ச்சாலை. 2 என்றால் சரளைப் பாதை. வேரும் கல்லும் நிறைந்த காட்டுப் பாதைக்குக் குறைந்தது 3 வேண்டும், அதிலும் சுமார் 60 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட குதிப்புகள் கூடாது. பார்க்க மவுண்டன் பைக் போலவே இருக்கும் சிலவற்றில் 'கரடுமுரடான பாதைக்கு அல்ல' என்ற எச்சரிக்கையே ஒட்டியிருக்கும். அதைக் காட்டுக்குள் ஓட்டி ஃபிரேம் விரிசல் விட்டால் வாரன்டி கேட்க வழியில்லை.

கையில் கொஞ்சம் பணம் மிஞ்சினால் டயரில் போடுங்கள். ஈரமான வேரில் பிடித்து நிற்கப்போவது டயர்தான். 2.3 அல்லது 2.4 அங்குல அகலம், தள்ளித் தள்ளி நிற்கும் முரட்டுக் கட்டைகள், மென்மையான ரப்பர் என்று பார்த்து வாங்குங்கள். முடிந்தால் ட்யூப்லெஸ்ஸாக மாற்றிவிடுங்கள். சுமார் 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 22, பின்னால் 25 பி.எஸ்.ஐ. என்று தொடங்கிக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம். சாலையில் அடிக்கும் அளவுக்குக் காற்றடித்துக் கல்மாதிரி வைத்துக்கொண்டால் எந்த ஷாக்கும் உதவாது.

கேள்வி: புது சைக்கிள், இரண்டு மாதம்கூட ஆகவில்லை. மழை ஓய்ந்த பிறகு நீண்ட இறக்கம் ஒன்றில் டிஸ்க் பிரேக் பிடிக்காமல் போய், புதரில் விட்டுத்தான் நிறுத்தினேன். 'பேட் தேய்மானத்துக்கு வாரன்டி கிடையாது' என்கிறது கடை. இது நியாயமா?

பதில்: அடிபடாமல் தப்பியது பெரிய விஷயம். டிஸ்க் தகட்டை அழுத்திப் பிடிக்கும் பேட் தேய்மானப் பொருள் என்பது உண்மைதான். ஆனால் தேய்மானத்தால்தான் பிரேக் போனதா என்பதை முதலில் தீர்க்க வேண்டும், கடை அதைத் தாண்டிப் போகிறது.

லீவரை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக நிற்கிறது, ஆனால் சக்கரம் நிற்கவில்லை என்றால் பேட் தேய்ந்திருக்கலாம், அல்லது எண்ணெய் பட்டிருக்கலாம். லீவர் மெத்தென்று அமுங்கி ஹேண்டில்பாரைத் தொடுகிறது என்றால் குழாய்க்குள் காற்று புகுந்திருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. பிறகு பேடைக் கழற்றச் சொல்லி நீங்களே பாருங்கள். உலோகத் தகடு தெரியும்வரை தேய்ந்திருந்தால் கடை சொல்வது சரி. பேடில் சரக்கு இன்னும் இருக்கிறது, ஆனால் முகம் கறுத்து மினுமினுக்கிறது, கேலிப்பரில் (பேடைத் தாங்கும் பிடிப்பான்) பேடைத் தள்ளும் பிஸ்டனைச் சுற்றி ஈரம் கசிகிறது என்றால் சீல் பழுது. அது உற்பத்திக் குறை. புது சைக்கிளில் அதற்கு வாரன்டி கேட்பது உங்கள் உரிமை. கடையில் விடும் முன்பே லீவர், கேலிப்பர், பேட் மூன்றையும் கிட்டத்திலிருந்து படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பதானால் காரணத்தை வேலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாய்வார்த்தையாக வந்த மறுப்பை வைத்து மேலே முறையிடுவது கடினம்.

இன்னொன்றும் பாருங்கள். டிஸ்க் தகட்டில் பொடி எழுத்தில் 'ரெசின் பேட் ஒன்லி' என்று பொறித்திருக்கிறதா? ஆரம்ப விலை சைக்கிள்களில் இது சாதாரணம். ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், ஆனால் சேறும் மணலும் கலந்த நீரில் வேகமாகக் கரையும், நீண்ட இறக்கத்தில் சூடேறிப் பிடியும் தளரும். அப்படிப்பட்ட பாதைக்கு மெட்டல் பேட் மேல். அதை இந்தத் தகட்டில் போட்டால் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும், ஆகவே தகட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். மழைக்கால ஈரப் பாதைகளில் ஓட்டுபவர் இந்தச் செலவைத் தவிர்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இறக்கத்துச் சூடு இந்த விளையாட்டோடு கூடப் பிறந்தது. 1970களில் கலிஃபோர்னியாவின் மரின் பகுதியில் பழைய கனத்த சைக்கிள்களை மலையிலிருந்து இறக்கி ஓட்டியவர்களுக்கு, பின் ஹப் பிரேக்கின் கிரீஸ் சூட்டில் புகைந்தே போய்விடும். அதைக் கழற்றிப் புது கிரீஸ் அடைத்த பிறகுதான் அடுத்த ஓட்டம். டிஸ்க் வந்த பிறகும் விரல் எடுக்காமல் லேசாகப் பிடித்துக்கொண்டே இறங்கினால் சூடு ஏறத்தான் செய்யும். வளைவுக்கு முன்பு அழுத்திப் பிடித்து, பிறகு முழுதாக விட்டுவிடுவதே முறை. புது பேட் போட்டால் சமதரையில் வேகம் பிடித்து, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருபது தடவையாவது அழுத்தி வேகத்தைக் குறைத்துப் பழக்கிய பிறகே மலைக்குக் கொண்டுபோங்கள். பிரேக் எண்ணெய் மாற்றினால் எந்த எண்ணெய் என்பதும் வேலைச்சீட்டில் இருக்கட்டும். பிரேக்குகளில் மினரல் ஆயில், டாட் என்று இரண்டு வகை எண்ணெய் உண்டு; மினரல் ஆயில் பிரேக்கில் டாட் எண்ணெயை ஊற்றினாலும், மாற்றி ஊற்றினாலும் சீல் ஊறிக் கெட்டுவிடும்.

கேள்வி: நான்கு வருடம் ஓடிய இரட்டை சஸ்பென்ஷன் சைக்கிள் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: கழுவித் துடைத்துப் பளபளவென்று வைத்திருப்பார்கள். கைவிளக்கோடு போங்கள். ஹேண்டில்பாருக்குக் கீழே குழாய்கள் சேரும் இடத்திலும் பெடல் அச்சைச் சுற்றியும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பெயின்டில் வளைந்த மெல்லிய கோடு தெரிந்தால் நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் சிக்கினால் அந்த சைக்கிள் வேண்டாம். கார்பன் ஃபிரேம் என்றால் அடிக்குழாயில் கல் பட்ட இடங்களை நாணயத்தால் தட்டுங்கள், சத்தம் ஓரிடத்தில் மட்டும் மந்தமாகக் கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம்.

அடுத்து, சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கி இறக்குங்கள். சக்கரம் தரையை விட்டு எழும் முன்பே 'கடக்' என்று ஒரு சிறு ஆட்டம் விரலுக்குத் தெரிந்தால் மூட்டு பேரிங்கோ ஷாக் புஷ்ஷோ தேய்ந்திருக்கிறது. இதை மாற்றலாம், ஆனால் செலவை விலையில் கழிக்க வேண்டும். ஃபோர்க்கின் பளபளப்பான கால்களில் விரல் நுனியை ஓட்டுங்கள். கீறல் சிக்கினால் சீல் வழியே எண்ணெய் கசியும், அந்தக் கால்களை மாற்றுவதற்குப் பெரிய தொகை ஆகும். சஸ்பென்ஷன் சர்வீஸ் பில் கேளுங்கள். ஃபோர்க்கின் அடிக்கால் எண்ணெயைச் சுமார் 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். நான்கு வருடத்தில் ஒரு பில்கூட இல்லை என்றால் முழு சர்வீஸ் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.

பெடல் அச்சின் அடியில் பொறித்திருக்கும் ஃபிரேம் எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். அது சுரண்டப்பட்டிருந்தால் திருட்டுச் சரக்காக இருக்கலாம், எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். பல நிறுவனங்களின் ஃபிரேம் வாரன்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான் என்பதும் நினைவிருக்கட்டும்.

கேள்வி: வாங்கும் முன்பு வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கட்டாயம். உங்கள் உயரத்துக்கு எந்த அளவு சரி என்பது அரைநாள் ஓட்டத்தில் தெரிந்துவிடும். பல இடங்களில் பாதையின் கடினத்தைப் பச்சை, நீலம், கறுப்பு என்று குறித்திருப்பார்கள். பச்சை எளிது, கறுப்பு தேர்ந்தவர்களுக்கு. ஒரு காட்டின் நீலம் இன்னொரு காட்டின் கறுப்புக்குச் சமமாக இருக்கலாம் என்பதால் புது இடத்தில் ஒரு படி கீழேயே தொடங்குங்கள். சைக்கிளை எடுக்கும்போதே கீறல், நெளிவு எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையில் வீடியோ எடுத்துவிடுங்கள். முன்பணத்தில் பிடித்தம் செய்வது பற்றிய தகராறுகள் பெரும்பாலும் இதைச் செய்யாததால்தான் வருகின்றன.

கேள்வி: எலெக்ட்ரிக் மவுண்டன் பைக் வாங்கலாமா? முழங்கால் வலி உண்டு.

பதில்: முழங்காலுக்கு உதவும்தான். ஆனால் உங்கள் காட்டுப் பாதைகளில் மோட்டார் பொருத்திய மிதிவண்டியை அனுமதிக்கிறார்களா என்பதை நிர்வகிப்பவர்களிடம் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 250 வாட்டுக்குள், மிதித்தால் மட்டும் உதவி, 25 கிலோமீட்டர் வேகத்தில் உதவி நின்றுவிட வேண்டும் என்ற வரம்புக்குள் இருந்தால் சாதாரண சைக்கிளாகவே கருதப்படும். வேறு இடங்களில் விதி வேறு. மிதிக்காமலே ஓட்டக் கைத்திருகு (த்ராட்டில்) வைத்த மாடல்களைப் பல பாதைகளில் விடமாட்டார்கள்.

கேள்வி: ஹெல்மெட் விலை ஏன் இவ்வளவு வித்தியாசப்படுகிறது?

பதில்: எடை, காற்றோட்டம், பின்தலையை எவ்வளவு மூடுகிறது என்பதையெல்லாம் பொறுத்து. உள்ளே இ.என். 1078 (ஐரோப்பியத் தரம்) அல்லது சி.பி.எஸ்.சி. (அமெரிக்கத் தரம்) முத்திரை இருந்தால் அடிப்படைச் சோதனையைத் தாண்டியது. பெரிய குதிப்புகள் உள்ள செங்குத்து இறக்கங்களுக்கு முகத்தையும் மூடும், ஏ.எஸ்.டி.எம். எஃப்.1952 முத்திரை உள்ளது வேண்டும். வாரைப் போடாமல் தலையை முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள், நழுவினால் வேறு அளவு எடுங்கள். பழைய ஹெல்மெட்டை யாரிடமும் வாங்காதீர்கள். ஒருமுறை பலமாக அடிபட்ட நுரை வெளியே தெரியாமலே உள்ளே நசுங்கியிருக்கும், அது அடுத்த அடியைத் தாங்காது.