ஒரே கேபிளில் நான்கு கேமரா

கேள்வி: மாடியில் நான்கு ஐபி கேமரா வைக்க வேண்டும். கீழே உள்ள ரெக்கார்டரிலிருந்து மேலே போவது ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள். அதையே பிரித்துக் கொடுக்கலாமா?

பதில்: கம்பியை வெட்டி முறுக்கிப் பிரிக்க மட்டும் வேண்டாம், ஒரு கேமராகூட ஒழுங்காக வராது. மாடியில் ஒரு பிஓஇ சுவிட்ச் வையுங்கள்; நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் கொடுத்து, ஒரு லைனைப் பல கருவிகளுக்குப் பகிரும் பெட்டி அது. கீழிருந்து வரும் கேபிளை அதன் அப்லிங்க் போர்ட்டில் (ரெக்கார்டர் பக்கம் போகும் கேபிளுக்கான துளை) செருகி, அங்கிருந்து ஒவ்வொரு கேமராவுக்கும் தனிக் கேபிள் இழுத்தால் படமும் மின்சாரமும் அதிலேயே போய்விடும். டேட்டா வேகம் கேமராவுக்கு 8 எம்பிபிஎஸ் (நொடிக்கு 8 மெகாபிட்) என்றாலும் நான்குக்கும் 32தான், 100 எம்பிபிஎஸ் லைனில் தாராளமாக இடமிருக்கிறது. கவனிக்க வேண்டியது வாட் கணக்கைத்தான். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கியதும் கேமரா கூடுதலாக இழுக்கும், சுவிட்சின் மொத்த வாட் போதவில்லை என்றால் பகலில் பளிச்சென்று இருந்த படம் இருட்டியதும் விட்டுவிட்டு வரும். அப்புறம், ஒவ்வொரு கேபிளும் 100 மீட்டருக்குள் இருக்கட்டும்.