மட்டம் பார்த்த பிறகே ஊஞ்சல்

கேள்வி: எங்கள் பகுதியில் வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன. பூங்காவுக்கென்று 2,000 சதுர மீட்டர் இடம் கிடைத்திருக்கிறது. முதலில் விளையாட்டுச் சாமான்களை வாங்கிவிடலாம் என்கிறார்கள். எதில் தொடங்குவது?

பதில்: நிலமட்டம் எடுப்பதில், அதாவது மேடு பள்ளத்தை அளப்பதில் தொடங்குங்கள். ஊஞ்சலும் சறுக்குமரமும் கடைசியில் வரட்டும். 5 மீட்டருக்கு ஒரு புள்ளி வீதம் மட்டம் எடுத்து வரைபடத்தில் குறியுங்கள். கொத்தனார் பிடிக்கும் டியூப் லெவலே (தண்ணீர் நிரப்பிய கண்ணாடிபோன்ற குழாய்) போதும். பிறகு ஒரு நல்ல மழைக்குக் காத்திருங்கள். மழை விட்டவுடன் போய், எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சுண்ணாம்புப் பொடியால் கோடு போடுங்கள். ஆட்கள் குறுக்கே நடந்து நடந்து விழுந்த ஒற்றையடித் தடங்களும் அதே வரைபடத்தில் ஏறட்டும். தண்ணீர் வழியை மறித்துப் போட்ட பாதை அரித்துப் போகும். ஆள் நடக்கும் வழியை விட்டுவிட்டுப் போட்ட பாதையில் யாரும் நடக்க மாட்டார்கள், புல்தான் மிதிபடும்.

வளர்கிற பகுதி என்கிறீர்கள். எனவே மூன்றில் ஒரு பங்கையாவது கட்டுமானம் எதுவும் இல்லாமல் மரமும் மண்ணுமாக விட்டுவையுங்கள். பாதை போடும்போதே அதற்கடியில் ஆங்காங்கே காலிக் குழாய்களைக் குறுக்காகப் புதைத்துவிடுங்கள். பின்னால் விளக்கோ தண்ணீர் லைனோ கூடும்போது தளத்தை உடைக்க வேண்டியிருக்காது.

கேள்வி: பூங்கா வாசல் சாலையைவிட 60 செ.மீ. உயரம். 3 மீட்டர் நீளத்தில் சாய்தளம் கட்டியும், சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் தாமாக ஏற முடியவில்லை. ஏன்?

பதில்: உங்கள் சாய்தளம் ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில், அதாவது 5 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம் என்ற கணக்கில் இருக்கிறது. அதில் ஏற முடியாதது மட்டுமல்ல, நாற்காலி பின்பக்கமாகக் கவிழவும் கூடும். 12க்கு 1 என்பதே கடைசி எல்லை, அதற்கு 7.2 மீட்டர் நீளம் வேண்டும். உதவியில்லாமல் தன் கையால் சக்கரத்தை உருட்டி ஏறுகிறவருக்கு 20க்கு 1தான் சுகம், அதாவது 12 மீட்டர். நேராக இடமில்லையென்றால் மடக்கிக் கட்டுங்கள்; மடங்கும் இடத்தில் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் சமதளம் கட்டாயம்.

எங்களைக் கேட்டால், வாசலையே சாலை மட்டத்துக்கு இறக்கிவிட்டு, உள்ளே நடைபாதையை மெல்ல உயர்த்திக்கொண்டு போவதுதான் நல்லது. கோலூன்றி வரும் பெரியவரும், குழந்தை வண்டி தள்ளுகிறவரும், சக்கர நாற்காலிக்காரரும் ஒரே வழியாக நுழைவார்கள். ஒருவரை மட்டும் ஓரமாக அனுப்பும் வாசல் எங்களுக்கு உறுத்துகிறது.

சரிவைச் சரிசெய்த பிறகும் நாற்காலி நிற்கிறதென்றால் சாய்தளத்தின் அடியைப் பாருங்கள். சாலையும் தளமும் சேரும் இடத்தில் 2 செ.மீ. விளிம்பு இருக்கும். முன்சக்கரம் சிறியது, அந்த விளிம்பில் முட்டி அப்படியே திரும்பிக்கொள்ளும். வடிகால் மூடியின் கம்பிகளும் இப்படித்தான்: இடைவெளி 13 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது, கம்பிகள் நடக்கும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நெடுக்காகப் போட்டால் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். பாதையின் அகலம் 1.8 மீட்டர் இருந்தால் இரண்டு நாற்காலிகள் எதிரெதிரே கடக்கலாம். பார்வையற்றவர்களுக்காக, பாதைக்கு மேல் 2.1 மீட்டர் உயரம்வரை கிளை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கோல் தரையைத்தான் தடவும், முகத்துக்கு நேரே வருவதை அது சொல்லாது.

பைக் நுழையாமல் இருக்க வளைவுக் கம்பி வைப்பார்கள். பைக்கும் சக்கர நாற்காலியும் ஏறக்குறைய ஒரே அகலம். ஒன்றைத் தடுத்தால் மற்றதும் நிற்கும். கம்பிகளுக்கு நடுவே 1.2 மீட்டர் விட்டு, பைக்கைக் கண்காணிப்பால் தடுங்கள்.

கேள்வி: மழைநீரை மண்ணுக்குள் இறக்கப் பள்ளத்தோட்டம் (செடிகள் வைத்த ஆழமில்லாத பள்ளம்) அமைத்தால் கொசு வராதா?

பதில்: தண்ணீர் ஒரு வாரம் நின்றால் வரும். 48 மணி நேரத்துக்குள் வடிந்தால் புழு கொசுவாக மாற அவகாசமே இல்லை. முதலில் மண்ணைச் சோதியுங்கள். 30 செ.மீ. ஆழக் குழி தோண்டி, நீர் நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை மணிக்கு 12 மி.மீ.கூட இறங்கவில்லையென்றால் அந்த இடம் வேண்டாம்.

அளவு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 400 சதுர மீட்டர் தளத்தில் 25 மி.மீ. பெய்தால் 10,000 லிட்டர். 15 செ.மீ. ஆழப் பள்ளத்தில் அதைத் தாங்க 67 சதுர மீட்டர் வேண்டும். பெருமழைக்கு ஒரு வழிந்தோடும் வாயும் தேவை. பள்ளத்துக்குள் தண்ணீர் நுழையும் இடத்தில் கூழாங்கல் பரப்பிச் சருகை மாதம் ஒருமுறை அள்ளாவிட்டால், அடைபடுவது அங்கேதான்.

கேள்வி: முழுக்கப் புல்தரை போடலாமா?

பதில்: குழந்தைகள் ஓடும் இடத்துக்கு மட்டும். கடும் வெயிலில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர் குடிக்கும்; 500 சதுர மீட்டருக்கு 2,500 லிட்டர். மற்ற இடத்தில் அந்த மண்ணிலேயே வளரும் மரங்களை வையுங்கள். வேரைச் சுற்றி ஒரு சாண் உயரம்வரைகூடச் சருகு மூடாக்குப் போடுகிறார்கள், அது தவறு; 5 முதல் 8 செ.மீ. போதும், தண்டைத் தொடவே கூடாது. தொட்டால் பட்டை அழுகும்.

கேள்வி: ஊஞ்சலுக்கு அடியில் மணலா, ரப்பர் தளமா?

பதில்: மணல் என்றால் 30 செ.மீ. ஆழம் வேண்டும். கால் உதைத்து உதைத்து ஊஞ்சலுக்கு நேர்கீழேதான் மணல் விலகும், குழந்தை விழுவதும் அங்கேதான். வாரம் ஒருமுறை வாரி நிரப்புங்கள். மணலில் சக்கர நாற்காலி புதையும். ஆகவே ஒரு ஊஞ்சலுக்கும் ஒரு மணல் மேசைக்குமாவது ரப்பர் தளம் போட்டு, அதைப் பாதையோடு ஒரே மட்டத்தில் சேருங்கள்.