உதைக்கும் ஆடும் காய்த்துப்போன கட்டைவிரலும்

கேள்வி: சந்தையில் ஒரு வியாபாரியிடம் இரண்டாம் ஈற்றுத் தலைச்சேரி ஆடு ஒன்றைக் குட்டி இல்லாமல் வாங்கினேன். மடி பானைபோல் இருந்தது. முதல் நாள் ஒரே வேளையில் ஒன்றரை லிட்டர் கறந்தது. இப்போது இரண்டு வேளையும் சேர்த்து அரை லிட்டர் தேறவில்லை. மடியில் கை வைத்தாலே உதைக்கிறது, செம்பைக் கவிழ்க்கிறது. பின்னங்கால்களைச் சேர்த்து அணைகயிறு போட்டால் படுத்துவிடுகிறது. கட்டைவிரல் காய்த்துப்போகும் அளவுக்கு இருபது வருடம் மாடு கறந்தவள் நான், எனக்கே அடங்கவில்லை. பால் இறங்க ஊசி போடச் சொல்கிறார்கள். போடலாமா, விற்றுவிடலாமா?
— வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: ஊசி வேண்டாம் அம்மா. கறவைக்காக உடலைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் குற்றம். அதைவிட, ஆட்டுக்கு அது அவசியமே இல்லை. மாட்டுக்குப் பெரும்பகுதிப் பால் மடியின் மேல் திசுக்களில் நிற்கும். சுரப்பு விட்டால்தான் இறங்கும். ஆட்டுக்கு ஏறக்குறைய முக்கால் பங்கு காம்புக்கு மேலேயுள்ள தேக்கத்தில் தயாராகவே இருக்கிறது. இது தெரியாதவர்தான் ஆட்டுக்கு ஊசி விற்பார். தெரிந்தும் விற்பவரும் உண்டு.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, அந்தப் பானை மடி எப்படி வந்தது என்று. ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேலாகக் கறக்காமல் பாலைத் தேக்கிவைத்துச் சந்தைக்கு ஓட்டி வருவது பழைய தந்திரம். நீங்கள் கறந்த ஒன்றரை லிட்டரில் முந்தின நாள் பாலும் இருந்திருக்கும். தேங்கிய மடி வலிக்கும், சுரப்பையும் குறைக்கும், நோய்க்கும் வழிவிடும். அதனால் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரிதிரியாக வந்தாலோ, மடியில் ஒரு பக்கம் சூடாகக் கெட்டிப்பட்டிருந்தாலோ இன்றே 1962 என்ற கால்நடை மருத்துவ உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அது மடிநோய், பழக்கி மாற்றுகிற விஷயம் அல்ல.

மடி சுத்தமாக இருந்தால், என் சந்தேகம் உங்கள் கட்டைவிரல்மேல். கோபித்துக்கொள்ளாதீர்கள். அது காய்த்திருக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் படித்ததும் பகீரென்றது. விரலை மடக்கிக் கணுவால் காம்பை நசுக்கி இழுக்கிறவர்களுக்குத்தான் அப்படிக் காய்க்கும். எருமையும் மாடும் அதை எப்படியோ பொறுத்துக்கொள்கின்றன. ஆட்டின் காம்புக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு அந்தக் கணுவில் நைந்து தடித்து, துளை குறுகி, கடைசியில் காம்பே அடைத்துப்போகும். உதைக்காத ஆடு இருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்பின் மேல்பக்கத்தை வளையமாகப் பூட்ட வேண்டும். பிறகு நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் என்று வரிசையாக அழுத்த வேண்டும். இழுவை கூடவே கூடாது. காம்பு சிறிதாக இருந்தால் இரண்டு விரல் அழுத்தினால் போதும். வழுக்கலுக்காகப் பாலில் விரலை நனைப்பதையும் விடுங்கள். ஒரு காம்பின் கிருமி மற்றொன்றுக்குப் போக அதுதான் வழி. இருபது வருடக் கையை மாற்றுவது கடினம். ரப்பர் கையுறையில் தண்ணீர் நிரப்பி, விரல் நுனியில் ஊசித்துளை போட்டு, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து பழகுங்கள். பேரப்பிள்ளைகள் சிரிக்கட்டும்.

அணைகயிறு ஆட்டுக்கு ஒத்துவராது. ஒன்றரை அடி உயரத்தில், நான்கடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு பலகை போடுங்கள். முன்புறம் கழுத்து நிற்க இரண்டு சட்டம், அதற்கப்பால் ஒரு தட்டு. ஊர்த் தச்சர் அரை நாளில் செய்துவிடுவார். பண்ணைக் கருவி விற்கிறவர்கள் காட்டும் இரும்புச் சட்டத்துக்குக் காசைக் கொட்டாதீர்கள். தட்டில் ஒரு பிடி வெள்வேலங்காய். அது பலகையில் மட்டும்தான் கிடைக்க வேண்டும். முதல் மூன்று நாள் கறக்காதீர்கள் என்று சொல்லவில்லை, மடி கெட்டுவிடும். ஆனால் ஒரு கறவைக்கும் அடுத்த கறவைக்கும் இடையிலும் சும்மா பலகையில் ஏற்றி, தின்னவிட்டு, மடியைத் தடவி இறக்குங்கள். உதைத்தால் செம்பை எடுங்கள், கையை எடுக்காதீர்கள். உதைத்ததும் கை விலகினால், உதைத்தால் தப்பிக்கலாம் என்று அது கற்றுக்கொள்ளும். ஆடு நின்ற பிறகுதான் கை விலக வேண்டும்.

விற்பது உங்கள் விருப்பம். ஆனால் அது போய்ச்சேரும் இடம் அதே வியாபாரியின் கொட்டகை. அவர் மறுபடியும் மடியைத் தேக்கி இன்னொருவர் தலையில் கட்டுவார். ஒரு மாதம் பாருங்கள். ஒன்றரை லிட்டர் திரும்பும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு லிட்டர் அமைதியாக நின்று கொடுத்தால் அந்த ஆடு நல்ல ஆடு. அதற்குமுன் இன்று ராத்திரியே கட்டைவிரல் நகத்தை ஒட்ட வெட்டிவிடுங்கள்.