பதற்றம் பரம்பரையாக வருமா?

கேள்வி: எனக்குப் பதற்றக் கோளாறு உண்டு, என் அம்மாவுக்கும் இருந்தது. 13 வயது மகள் ஒரு வருடமாக வகுப்பில் எழுந்து பேச மறுக்கிறாள். பேச வேண்டிய நாளில் காலையிலேயே வயிற்றுவலி. மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். 'பதற்ற மரபணு' என்று தனியாக ஒன்று இல்லை. செரட்டோனினை நரம்புக்குள் திரும்ப இழுக்கும் புரதத்தின் மரபணுதான் அது என்று 1996இல் பரபரப்பாகப் பேசப்பட்டது. பிறகு வந்த பெரிய ஆய்வுகளில் அது உறுதிப்படவில்லை. ஏராளமான மரபணு வேறுபாடுகள் சேர்ந்துதான் பதற்றத்தின் பக்கம் சாய்க்கின்றன. ஒவ்வொன்றின் பங்கும் கடுகளவு.

இரட்டையர் ஆய்வுகள் மரபின் பங்கை ஏறத்தாழ 30 முதல் 40 சதவீதம் என்கின்றன. மகளின் பயத்தில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது என்று இதற்குப் பொருளல்ல. மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டைப் பற்றிய கணக்கு அது. தனி ஒருவருக்குப் பொருந்தாது.

ஏன் இந்த வயதில்? பயத்தை எழுப்பும் அமிக்டலா சீக்கிரம் முதிர்ந்துவிடுகிறது. அதை அடக்கும் முன்மூளைப் பகுதி முதிர 25 வயது வரைகூட ஆகும். மரபணுவும் காலம் பார்த்தே வேலை காட்டுகிறது. மூளையில் ஆனந்தமைடு என்ற பொருள் உண்டு (பெயர் நம் 'ஆனந்தம்'தான்). அதைச் சிதைக்கும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குப் பதற்றமும் குறைவாக இருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசம் சிறு வயதில் தெரிவதில்லை, 12 வயதை ஒட்டித்தான் தலைகாட்டுகிறது என்று 2016இல் வெளியான ஆய்வு காட்டியது.

உங்கள் கையில் இருப்பது வேறு. இரட்டையர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த 2015ஆம் ஆண்டு ஆய்வில், பெற்றோரின் பதற்றம் வளரிளம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் மரபணு வழியாக அல்ல, வீட்டுச் சூழல் வழியாகவே போவது தெரிந்தது. வயிற்றுவலி என்றதும் லீவு எழுதிக் கொடுப்பது, அவளுக்காக நீங்களே ஆசிரியரிடம் பேசுவது: இரண்டும் பயத்துக்குத் தீனி. வயிற்றுவலியை மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு, இவற்றை நிறுத்துங்கள்.

பிறகு மகளோடு உட்கார்ந்து பயப் பட்டியல் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை அவளே மதிப்பெண் தரட்டும். 3இல் தொடங்குங்கள்: தோழியிடம் ஒரு பத்தி வாசிப்பது மாதிரி. வாரத்தில் நாலைந்து முறை செய்து, மதிப்பெண் பாதியானதும் அடுத்த படி. பலர் சறுக்குவது எங்கே என்றால், பயம் உச்சத்தில் இருக்கும்போது பிள்ளையை வெளியே அழைத்து வந்துவிடுகிறார்கள். 'தப்பித்ததால்தான் பிழைத்தேன்' என்று மூளை பதிந்துகொள்கிறது. மறுமுறை பயம் கூடுகிறது. படி பெரிதாகிவிட்டால் அதை இரண்டாக உடையுங்கள், கைவிடாதீர்கள். ஒரு வருடம் ஆகிவிட்டதால், மனநல நிபுணரிடமும் காட்டுங்கள்.

கேள்வி: பிள்ளைகளுக்கு மாத்திரை தேவைப்படுமா?

பதில்: எல்லோருக்கும் இல்லை. 7 முதல் 17 வயது வரையிலான 488 பேரிடம் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், 12 வாரத்தில் நல்ல முன்னேற்றம் கண்டவர்கள்: அறிவாற்றல் நடத்தை சிகிச்சையில் (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுவழிச் சிகிச்சை) சுமார் 60 சதவீதம், செர்ட்ரலின் மாத்திரையில் 55, இரண்டும் சேர்ந்தபோது 81, மருந்தில்லாத வெற்று மாத்திரையில் 24. லேசானதற்குப் பேச்சுவழிச் சிகிச்சை போதும். பள்ளியே நின்றுபோனால் இரண்டையும் யோசிக்கலாம். மாத்திரை தொடங்கிய முதல் வாரங்களில் தற்கொலை எண்ணம், மிகுந்த அமைதியின்மை தலைகாட்டுகிறதா என்று கவனியுங்கள். திடீரென நிறுத்தக் கூடாது.

கேள்வி: மகனுக்கு 16 வயது. அடிக்கடி நெஞ்சு படபடக்கிறது. இதுவும் பரம்பரைப் பதற்றமா?

பதில்: அதற்கு முன் தைராய்டு, ரத்தசோகை, இதயத்துடிப்பு மூன்றையும் பரிசோதியுங்கள். எனர்ஜி டிரிங்க் குடிக்கிறானா, ஆஸ்துமா இன்ஹேலர் எத்தனை முறை எடுக்கிறான் என்றும் கேளுங்கள். உடற்பயிற்சியின்போது படபடப்போ மயக்கமோ வந்தால் தாமதிக்காமல் இதய மருத்துவரிடம் போங்கள்.