மகள் முதலில் எங்கே சேர வேண்டும், ஈப்போவிலா கோலாலம்பூரிலா?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு தந்தை கேட்கிறார்: "செம்பனை ஆலையில் கிராணியாக (எழுத்தராக) இருக்கிறேன். மகள் மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கிறாள், கடைசி ஆண்டு. லஞ்ச வழக்குகளில் கம்பெனிகளுக்காக வாதாட வேண்டும், வழக்கே வராமல் இருக்க ஆலோசனையும் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. கோலாலம்பூரில் பெரிய அலுவலகத்தில் சேர்வதா, ஈப்போவில் குற்றவியல் வழக்கறிஞரிடம் சேர்வதா?"

ஈப்போவுக்கே அனுப்புங்கள், ஐயா.

இந்த வேலைக்குக் கிராக்கி வந்ததற்குப் பெரிய காரணம் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு. 2020 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. கம்பெனியின் ஆதாயத்துக்காக ஊழியரோ, ஏஜெண்டோ, கம்பெனி சார்பில் வேலை செய்யும் குத்தகைக்காரரோ காப்பிக் காசு, அதாவது லஞ்சம், கொடுத்தால் கம்பெனியே குற்றவாளிக் கூண்டில் நிற்கும். அபராதம் குறைந்தது லஞ்சத்தைப் போல் 10 மடங்கு அல்லது 10 லட்சம் ரிங்கிட், எது அதிகமோ அது. ஆக, ஒரு பெர்மிட்டுக்காக 5,000 ரிங்கிட் கொடுத்திருந்தாலும் 10 லட்சத்துக்குக் குறையாது. இயக்குநர்களும் அதே குற்றத்தைச் செய்தவர்களாகவே கருதப்படுவார்கள், தங்கள் சம்மதமில்லாமல் நடந்தது, தக்க கவனத்தோடுதான் இருந்தோம் என்று அவர்களே நிரூபிக்கும் வரை. சிறை 20 ஆண்டு வரை போகலாம்.

கம்பெனி தப்ப வேண்டுமானால், லஞ்சத்தைத் தடுக்கப் போதுமான நடைமுறைகள் தன்னிடம் இருந்தன என்று நிரூபிக்க வேண்டும். அதை நீதிமன்றத்தில்தான் நிரூபித்தாக வேண்டும், அரசுத் தரப்பின் குறுக்கு விசாரணைக்கு நடுவில். ஒருமுறை ஒரு குத்தகை நிறுவனத்தின் கோப்பைப் புரட்டினேன். கொள்கை அறிக்கை, பயிற்சிக் குறிப்பு எல்லாம் பளபளவென்று இருந்தன. ஆனால் பயிற்சிக்கு வந்தவர்களின் பட்டியலில் முப்பது கையெழுத்தும் ஒரே பேனாவில், ஒரே சாய்வில். அதில் பாதிப் பேர் வங்காளதேசத் தொழிலாளர்கள், பயிற்சி நடந்ததோ ஆங்கிலத்தில். பத்து நிமிடக் கேள்வியில் அந்தக் கோப்பு கிழிந்துவிடும். அது எங்கே கிழியும் என்பது விசாரணை நடத்திப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அதனால் முதல் நான்கைந்து ஆண்டு குற்றவியல் வழக்குகள்தான். திருட்டோ அடிதடியோ போதைப்பொருளோ, எது கிடைத்தாலும் நடத்தட்டும். அப்புறம் கம்பெனிப் பக்கம் போகலாம்.

மலாயாப் பட்டதாரி என்பதால் வழக்கறிஞர் தகுதிக்கான சிஎல்பி தேர்வு தேவையில்லை. 9 மாத சேம்பரிங், அதாவது ஒரு வழக்கறிஞரிடம் தொழில் பழகும் காலம், உண்டு; பழக்கும் அந்த மாஸ்டருக்குக் குறைந்தது 7 ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும். அந்தக் காலத்தில் வரும் இலவச சட்ட உதவிப் பணியைச் சடங்காக முடித்துவிட வேண்டாம் என்று சொல்லுங்கள். மலாயில் வாதாடும் தெம்பு அங்கேதான் வரும்.

இன்னொன்று. உங்கள் மகளுக்குத் தோட்டம் தெரியும். செம்பனைக் குலை லாரி எடைமேடையில் ஏறும்போது என்ன கைமாறும், வெளிநாட்டுத் தொழிலாளர்களின் பாஸ்போர்ட் எந்த மேசை இழுப்பறையில் ரப்பர் வளையம் போட்டுக் கிடக்கும் என்பதெல்லாம் பட்டணத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 2023 முதல் வேலைவாய்ப்புச் சட்டத்தின் (Employment Act) 90பி பிரிவு கட்டாய உழைப்பையும் குற்றமாக்கியிருக்கிறது. தோட்டக் கம்பெனிகளுக்கு இனி இந்த ஆலோசனையும் தேவைப்படும்.

எந்தக் கட்டத்திலும் ஒரு கேள்வியை அவள் விடக்கூடாது: என் கட்சிக்காரர் யார்? கம்பெனியா, இயக்குநரா? வழக்கு இறுகும்போது இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போடுவார்கள். இருவருக்கும் ஒரே வழக்கறிஞர் என்றால் கடைசியில் ஒருவரைக் கைவிட வேண்டி வரும்.

சரி, மாஸ்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது? கடந்த ஆண்டு எத்தனை வழக்குகளை முழு விசாரணை வரை நடத்தினீர்கள் என்று மரியாதையாகக் கேட்கட்டும். குற்றத்தை ஒப்புக்கொள்ள வைத்து முடிக்கும் வழக்குகளே அதிகம் என்றால், அதே தெருவில் அடுத்த அலுவலகத்தில் போய்க் கேட்கட்டும்.